சட்டம் இருக்கிறது, ஆனால் போதாது
விலைக்கு மேல் நிறுவனங்கள் சேர்க்கும் மறைமுகக் கட்டணங்களைத் தடை செய்யச் சொல்லும் கனடாவின் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) கட்சியைப் பார்த்து, "அதற்குத்தான் ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே" என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இருக்கிறது, சரி. 2022 ஜூனில், வணிகப் போட்டியை ஒழுங்குபடுத்தும் போட்டிச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் கட்டத்தில் கூடுதல் கட்டணம் சேர்ப்பது இப்போது குற்றம்தான். ஆன்லைன் டிக்கெட்டுக்கு ஒன்றரை டாலர் வரை சேர்த்த சினிபிளெக்ஸ் என்ற திரையரங்க நிறுவனத்துக்கு 2024 செப்டம்பரில் சுமார் 3.9 கோடி டாலர் அபராதம் விழுந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தச் சட்டம் கட்டணத்தைத் தடுக்கவில்லை, அதை மறைப்பதை மட்டுமே தடுக்கிறது. முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்.

வங்கிகளைப் பாருங்கள். கணக்கில் பணம் போதாமல் ஒரு தவணைப் பணம் செலுத்தப்படாமல் திரும்பினால், கிட்டத்தட்ட 50 டாலர் வரை பிடித்தார்கள். எல்லாம் விதிமுறையில் எழுதியிருந்ததுதான்! சம்பளத்துக்கும் வாடகைக்கும் இடையே இரண்டு நாள் தள்ளிப்போகிற குடும்பம்தானே இதைக் கட்டும்? 2024 பட்ஜெட்டில் இதற்கு 10 டாலர் உச்சவரம்பு அறிவித்தார்கள். தொலைபேசி, இணைய நிறுவனங்களின் இணைப்புக் கட்டணத்துக்கும் அதே மாதிரி வரம்பு வேண்டும். என்டிபி இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.