மீன் இருக்கிறது, நெய்தான் இல்லை

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கேரளத்துப் பொழியூரில் வாங்கி, நீரோடி வழியாக எல்லையைத் தாண்டிக் கொல்லங்கோட்டுக்கு வருகிறவர். மத்தி என்கிற சாளை மலிந்து கிடந்த ஒரு நாள் கூடையை இறக்கிவைத்து, "மீன் இருக்கிறது மக்களே, நெய்தான் இல்லை" என்றார். எடுத்துப் பார்த்தேன். வயிறு ஒட்டிப்போன பொடிச்சாளை. என் பாட்டி ஐப்பசிச் சாளைக்குச் சட்டியில் எண்ணெய் ஊற்றியதே இல்லை. அதன் நெய்யிலேயே அது பொரியும். மிஞ்சிய நெய்யில் மரச்சீனிக்கிழங்கைப் புரட்டித் தருவார்.

பருவநிலை மாற்றம் என்றதும் எல்லோரும் பனிக்கரடிப் படத்தைப் போடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு கோபம் உண்டு. பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவிலுள்ள வடகடலின் கதை கரடியிடம் இல்லை, அரிசிமணி அளவுகூட இல்லாத ஓர் உயிரிடம் இருக்கிறது. கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்று பெயர். இறாலுக்குத் தூரத்து உறவு. நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர். 1770-இல் இதை முதலில் விவரித்து எழுதிய குன்னெரஸ், நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் ஆயர். (எங்கள் பங்குத்தந்தையிடம் சொன்னேன். "ஆயருக்கு அவ்வளவு நேரம் இருந்ததா?" என்று சிரித்தார்.)

வசந்தத்தில் கடலில் நுண்பாசி பொங்கும்போது இது தின்று கொழுக்கிறது. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருப்பதுண்டு. கோடை முடிவதற்குள் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு, சில இடங்களில் 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கி, தின்னாமல் அசையாமல் குளிர்காலத்தைக் கழிக்கிறது. சேர்த்துவைத்த நெய்தான் சாப்பாடு. வசந்தத்தில் மேலே வந்து முட்டையிடும். பொரிந்துவரும் குஞ்சுகள்தாம் காட் மீன்குஞ்சுக்கு முதல் இரை.

வடகடல் சூடாகச் சூடாக இந்தக் குளிர்விரும்பி வடக்கே நகர்ந்தது. அதன் இடத்துக்குத் தெற்கிலிருந்து கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் வந்தது. பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள். ஆனால் புதியது பெருகுவது கோடைக்கடைசியில். காட் குஞ்சு பசியோடு இருப்பதோ வசந்தத்தில். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சோறு வந்தாற்போல.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னும் கொடுமை. மெய்ன் வளைகுடாவில் கலானஸ் குறையவே, 15 மீட்டர் நீளமுள்ள ரைட் திமிங்கிலங்கள் அதைத் தேடிச் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே கப்பல் பாதையும் நண்டுப்பொறிக் கயிறுகளும் இருந்தன. 2017-இல் மட்டும் 17 திமிங்கிலங்கள் கனடா, அமெரிக்கக் கடல்களில் இறந்தன. மொத்தமே சில நூறு உள்ள இனம் அது.

நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கடலின் குளிர்நீரை மேலே கொண்டுவர, நுண்பாசி பொங்கி, அதைத் தின்று சாளை நெய் வைக்கிறது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது; 2021-இல் 3,300 டன்கூட இல்லை. பிறகு மீன் திரும்பியது, மெலிந்து. குஞ்சுகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி இரைக்குப் போட்டி போட்டதுதான் காரணம் என்று கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் விளக்கினார்கள். இருக்கலாம். வடகடலின் காரணத்தை இங்கே அப்படியே ஒட்டவைக்க நான் வரவில்லை. என் வழக்கு டன் கணக்கோடுதான். மீன் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் ஒருவரும் அதன் வயிற்றைக் கிள்ளிப் பார்க்கவில்லை. கிள்ளிப் பார்த்தவர் கூடை சுமக்கும் அக்கா. எந்த மாதம் எந்தத் துறையில் மீன் நெய் வைத்தது என்ற கணக்கு இவர் போன்றவர்களின் தலைக்குள் நாற்பது வருடமாக இருக்கிறது. அதை ஒருவரும் நோட்டில் எழுதியதில்லை.

ஆகவே தூத்தூர், வள்ளவிளை, பூவார்ப் பக்கத்து நண்பர்களே, வீட்டில் மீன் விற்ற கிழவி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: எண்ணெய் ஊற்றாமல் சாளை பொரித்தது கடைசியாக எந்த வருடம், எந்த மாதம்? பதிலைக் கீழே எழுதுங்கள். எங்கள் அக்கா ஒக்கிப் புயலுக்கு முந்திய வருடம் என்கிறார்.