சாமி திரும்பி வந்தது ஒரு புத்தகத்தால்

நேபாளத்தின் பாட்டன் நகரில் பட்கோ டோல் என்று ஒரு பகுதி. அங்குள்ள நாராயணர் கோயிலில் ஒரு கற்சிலை இருக்கிறது. வலப்பாதி விஷ்ணு, இடப்பாதி லட்சுமி. அர்த்தநாரியைப் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு நொடி குழப்பும்.

1984இல் அதைத் திருடிவிட்டார்கள். 1990இல் நியூயார்க்கில் ஏலம் போனது. அப்புறம் முப்பது வருடம் அமெரிக்காவின் டாலஸ் அருங்காட்சியகத்தில் கண்காட்சிப் பொருளாக நின்றது. ஊர்க்காரர்கள் மாற்றுச் சிலை ஒன்றை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2021இல் மூலச்சிலை வீடு திரும்பியது. "எங்க சாமி" என்று சொன்னால் மட்டும் அருங்காட்சியகம் கொடுத்துவிடுமா? ஆதாரம் வேண்டும். அதை வைத்திருந்தவர் லைன் சிங் பாங்டெல். டார்ஜிலிங்கில் பிறந்த ஓவியர், நாவலாசிரியர். லண்டன், பாரிஸ் எல்லாம் பார்த்தவர். காணாமல்போன நேபாளச் சிலைகளின் படங்களைத் தொகுத்து 1989இல் புத்தகமாகப் போட்டார். அதில் இந்தச் சிலையும் இருந்தது. அந்தப் பக்கத்தையும் டாலஸ் சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வாதாட ஒன்றுமில்லை.

நம் ஊரிலும் இதே கதைதான். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினாரே, அவரை அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்.

ஆனால் இமயமலைக் கலைக்குப் பணம் கொடுக்கிறவர்களைப் பாருங்கள். கூரைக்குப் பொன்முலாம் என்றால் கை நீளும். கல்வெட்டில் பெயர் வரும் இல்லையா? ஆராய்ச்சிக்குக்கூட ஓரளவு கிடைத்துவிடும். அதை அச்சிட வேண்டும் என்றதும் எல்லாரும் நழுவுகிறார்கள்.

என் தோழி ஒருத்தி லடாக்கின் ஆல்சி மடத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். அங்கே மூன்றடுக்குக் கோயிலில் ஒரு மண்சிலை, பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதேசுவரர், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். இடுப்பில் கட்டிய வேட்டி முழுக்க ஓவியம்: கோயில்கள், அரண்மனைகள், குதிரையேறிப் போகிறவர்கள். ஏறக்குறைய 800 வருடத்து வண்ணம். பதிப்பகத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "படங்களைக் கறுப்பு வெள்ளையில் போட்டுக்கலாமே மேடம், செலவு குறையும்." அந்த வேட்டியையா!

அவர்களையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. ஆர்ட் பேப்பர், வண்ண அச்சு, அருங்காட்சியகங்கள் படத்துக்குப் படம் கேட்கும் உரிமைக் கட்டணம் எல்லாம் கூட்டினால் தலை சுற்றும். விற்பதோ சில நூறு பிரதி. வெளிநாட்டுப் பதிப்பகம் போட்டால் விலை ஆயிரக்கணக்கில் போகிறது, ஆல்சியில் இருக்கிறவர் வாங்கவே முடியாது. தன் ஊர்ச் சாமியின் படம் இருக்கும் புத்தகத்தை அந்த ஊர்க்காரர் புரட்டிப் பார்க்க முடியவில்லை என்றால், அடுத்த திருட்டை யார் கண்டுபிடிப்பார்கள்?

அதனால்தான் சொல்கிறேன். உதவித்தொகை கொடுக்கிறவர்கள் ஆய்வறிக்கையோடு கணக்கை முடிக்காதீர்கள். அச்சுச் செலவையும் சேர்த்தே கொடுங்கள். லடாக்கி, நேபாளி, நேவாரி மொழிகளில் மலிவுப் பதிப்பு ஒன்றும் வரட்டும். அந்தந்த ஊர்ப் பள்ளிக்கு இரண்டு பிரதி போகட்டும்.

தோழியின் புத்தகத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை. நான் ஐந்து பிரதிக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். வண்ணத்தில்தான் வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.