எனக்கு ஏன் இந்தப் பஞ்சாயத்து?

இனி யாராவது "கொஞ்சம் வந்து பேசி முடிச்சு வைங்க" என்று கூப்பிட்டால் நான் ஊரில் இல்லை. பினாங்கிலிருந்து ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய்விட்டேன், திரும்பி வருகிற உத்தேசமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நூறு வெள்ளி. வீட்டு வாடகையில் வெறும் நூறு வெள்ளி வித்தியாசம்! ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெலுத்தோங் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி பதினொன்றே கால். வீட்டுக்காரர் அண்ணன் 900 வெள்ளி வாடகையை 1,050 ஆக்கியே தீருவேன் என்கிறார். குடியிருக்கும் தம்பி 950க்கு மேல் ஒரு சென்கூடத் தர முடியாது என்கிறான். நான் செய்த குற்றம்? நான்கு வருடத்துக்கு முன்னால், "நல்ல பையன்ணே, வாடகை ஒழுங்காக் கட்டுவான்" என்று சொல்லி வைத்தது.

"ஒப்பந்தம் எங்கே?" என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்டவனைப் பார்ப்பது போல. ஒரு வருட ஒப்பந்தம். அது முடிந்து மூன்று வருடமாகிறது. அப்புறம் எல்லாம் நம்பிக்கைதானாம். அந்த நம்பிக்கைதான் இப்போது என் தலையில் விடிகிறது.

அண்ணன் விரல் மடக்க ஆரம்பித்தார். பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி, காப்புறுதி, வங்கிக் கடன். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனபோது மகளின் காலேஜ் ஃபீஸும் வந்தது. அதுவும் வாடகையில் சேருமாம்.

தம்பி சும்மா இருப்பானா? சமையலறைக் குழாயை எடுத்தான். குடிவந்த வருடமே ஒழுகியது, 80 வெள்ளி கொடுத்து ஆள் வைத்துச் சரிசெய்தது அவன். ரசீது? இல்லை. படம்? இருக்கிறது. எங்கே? கைப்பேசியில். நான்கு வருடப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான்: பிள்ளையின் பிறந்தநாள், தைப்பூசக் காவடி, யாரோ ஒருவருடைய கார் டயர். குழாய் மட்டும் இல்லை.

நடுவில் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர். "அந்தக் காலத்துல வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்துச்சு, இப்படி இஷ்டத்துக்கு ஏத்த முடியாது." எனக்கு நாக்கில் சனி. "ஐயா, அது 1948 ஜனவரிக்குள்ள கட்டின பழைய கட்டடங்களுக்குத்தான். 1997லயே அதை நீக்கச் சட்டம் போட்டாச்சு, 2000 பொறந்ததோட முடிஞ்சுபோச்சு. ஜார்ஜ்டவுன் கடைவீடுகள்ல காலங்காலமா இருந்தவங்களே காலி பண்ணிட்டுப் போனாங்க. இது அடுக்குமாடி வீடு" என்றேன். அவர் தன் தே தாரேக் டீயைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். "அப்போ நீ வீட்டுக்காரன் கட்சியா?"

அந்த நேரம் பார்த்துத் தம்பி ஒரு குரல் பதிவைக் கண்டுபிடித்தான். கடை முழுக்கக் கேட்கும்படி போட்டான். பின்னால் பாட்டுச் சத்தம், பட்டாசு, அதற்கு மேல் அண்ணனின் குரல்: "தம்பீ... நீ என் கூடப்பொறந்தவன் மாதிரிடா... நீ இருக்கிற வரைக்கும் வாடகை ஏத்தினா என்னை ஏன்னு கேளு!"

கடையே அமைதி. ரொட்டி தட்டுகிறவர்கூட நிறுத்திவிட்டார்.

அண்ணன் அசரவில்லை. "அது தீபாவளி அன்னிக்குப் பேசினது. தீபாவளி அன்னிக்குப் பேசினதை எல்லாம் கணக்குல எடுப்பாங்களா?"

பெரியவர் உட்பட எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அது நியாயமாம்.

கடைசியில் 1,000 என்று முடித்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தும்விட்டேன். "அப்போ டெபாசிட்?" என்றார் அண்ணன். இரண்டு மாத வாடகையும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமும் முன்பணம். வாடகை நூறு ஏறினால் அதுவும் 250 ஏறுமாம். உட்கார்ந்தேன். இன்னும் நாற்பது நிமிடம். இரண்டு தவணை என்று முடிந்தது.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து செய்தி: "நீ அவனுக்குத்தான் பேசினே, பரவாயில்லை." அதே நேரத்தில் தம்பியின் மனைவி என் மனைவிக்குப் போன் போட்டு, "உங்க வீட்டு அண்ணன் அந்த வீட்டுக்காரர் பக்கம் சாஞ்சிட்டாரு அக்கா" என்கிறாள். மத்தளமாவது அடி வாங்கினால் தாளம் வரும். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். ரொட்டி சானாய் சொன்னபோது "குழம்பு தனியா" என்று இரண்டு தடவை சொன்னேன். மொறுமொறு ரொட்டியின் தலையில் பருப்புக் குழம்பைக் கவிழ்த்து, ஊறவைத்த துணி மாதிரி கொண்டுவந்து வைக்கிறான். தனியா என்றால் தனியாடா! இதைப் பேசி முடிக்க யாராவது வருவீர்களா?