கொன்யாக் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாமா?

"நாகாலாந்து கொன்யாக் மக்கள் கையால் செய்த பழங்காலத் துப்பாக்கி. கலைப்பொருள் என்பதால் லைசென்ஸ் தேவையில்லை, வாங்கி வந்து வீட்டில் மாட்டலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் இந்தத் துப்பாக்கிகள் உண்டு என்பது உண்மைதான். வெடிமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, கம்பியால் குத்தி இறுக்கி, ரவைக் குண்டுகளைப் போட்டுச் சுடுவார்கள். ஏப்ரலில் வரும் கொன்யாக் மக்களின் ஆவோலிங் திருவிழாவில் வானை நோக்கி வெடிப்பதும் உண்டு. ஆக, இது சுடும் ஆயுதம். வெறும் அலங்காரப் பொருள் அல்ல.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவைத்தான் பாதி படித்துவிட்டுப் பரப்புகிறார்கள். பழைய ஆயுதத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். சுடக்கூடியது என்றால், எத்தனை தலைமுறை பழையதானாலும் 3ஆம் பிரிவின்படி லைசென்ஸ் கட்டாயம். இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம். "தாத்தா காலத்துச் சாமான் சார்" என்பதெல்லாம் ஸ்டேஷனில் எடுபடாது.

சட்டத்தின் முழு வாசகம் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்; அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.