தாடியஸ் ஸ்டீவன்ஸை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அடிமை முறையை எதிர்த்த அமெரிக்க அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்றதும் எல்லோரும் நேரே வாஷிங்டனுக்குப் போய்விடுகிறார்கள். உள்நாட்டுப் போர், அடிமை ஒழிப்பு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற அரசியலமைப்பின் 14வது திருத்தம், அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து இறக்க நடந்த முயற்சி. எல்லாமே அவருக்கு எழுபது வயதை ஒட்டியும் தாண்டியும் நடந்தவை. அந்தக் கிழவரை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அவர் வாழ்க்கையில் பெரிய நாள் எது என்று கேட்டால் 1835 ஏப்ரல் 11 என்றுதான் சொல்வேன். அன்று அவர் ஹாரிஸ்பர்க்கில், பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்தில், கெட்டிஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்த ஒரு வக்கீல் உறுப்பினர். அவ்வளவுதான்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு அங்கே 1809 முதலே சட்டத்தில் இருந்தது. ஆனால் அதைப் பெற வேண்டுமானால், “நாங்கள் ஏழைகள், சம்பளம் கட்ட வழியில்லை” என்று பெற்றோர் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும். ஊரறியக் கைநீட்ட வேண்டும் என்று பொருள். மானம் பார்த்த பலர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. 1834இல் கவர்னர் ஜார்ஜ் வுல்ஃப் கையெழுத்திட்ட புதிய சட்டம் இந்தப் பிரிவினையை எடுத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி, செலவுக்கு வரி.

வரி என்றதும் பற்றிக்கொண்டது. ஜெர்மானிய விவசாயிகளுக்குத் தங்கள் சர்ச்சுப் பள்ளியும் தாய்மொழியும் போய்விடுமோ என்ற பயம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஏற்கெனவே சொந்தச் செலவில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை எதற்குக் கட்ட வேண்டும் என்றார்கள். இந்தக் கேள்விகளை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். சட்டத்தை ரத்து செய்யக் கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட மனுக்கள் ஹாரிஸ்பர்க்குக்கு வந்தன. மேலவை ரத்து மசோதாவை நிறைவேற்றியும்விட்டது. கீழவையும் கை தூக்கினால் முடிந்தது கதை.

ஸ்டீவன்ஸ் எழுந்தது அப்போதுதான். எதிர்ப்பு அவருடைய சொந்த மாவட்டத்திலும் இருந்தது. போதாக்குறைக்கு வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர், அதோடு ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்து ஆள். ஸ்டீவன்ஸ் இருந்ததோ மேசன்களை எதிர்ப்பதற்கென்றே உருவான கட்சி! (சில மாதங்கள் கழித்து இதே வுல்ஃபை மேசன் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி ஆள் அனுப்பியவரும் இவரேதான். அந்த விசாரணை பிசுபிசுத்துப் போனது, அது வேறு கதை.) எதிராளி கொண்டுவந்த சட்டம் என்பதற்காக அதைச் சாகவிட அவர் தயாராக இல்லை.

அவர் வைத்த வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போவதில்லை, நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் குற்றமே செய்யாதவர். ஆனாலும் கோர்ட்டுக்கும் சிறைக்கும் முணுமுணுக்காமல் கட்டுகிறீர்கள். ஒருவன் குற்றவாளி ஆனபின் அவனைத் தண்டிக்கப் பணம் தருவீர்கள், ஆகாமல் தடுக்கத் தர மாட்டீர்களா? பழைய சட்டத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் சுரீர் என்றது: பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வே அருவருப்பானது, வறுமையை வைத்துப் பிரிப்பது அதைவிட மோசம், அது ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் சட்டம்.

ரத்து தோற்றது. சட்டத்தை இன்னும் வலுப்படுத்தும் மசோதாவைக் கீழவை நிறைவேற்ற, மேலவையும் இறங்கி வந்தது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவர் சாதித்தபோது பின்னால் உள்நாட்டுப் போரில் வடக்கின் ராணுவ வெற்றி இருந்தது, கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. 1835இல் இரண்டும் கிடையாது. அந்த நாளை நான் மேலே வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். 1792இல் வெர்மான்ட் மாநிலத்து டான்வில்லில், வளைந்த பாதத்தோடு பிறந்த பிள்ளை. செருப்புத் தைக்கும் அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே அம்மா சாரா, பள்ளி இருந்த பீச்சம் ஊருக்குக் குடிபெயர்ந்தார். சம்பாதிக்கத் தொடங்கியபின் அம்மாவுக்குப் பண்ணை வாங்கிக் கொடுத்தார் மகன்.

இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் சாரிட்டி பட்லரை விட்டுவிட்டு இவரைப் பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மேரிலாந்தில் அடிமையாக இருந்த பெண். அடிமையை ஆறு மாதம் பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அவர் விடுதலை பெற்றவர் என்பது அந்த மாநிலச் சட்டம். வந்துவந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டுகிறது என்றார் சாரிட்டி. தொடர்ச்சியாக இருந்தால்தான் கணக்கு, துண்டு துண்டாகக் கூட்டக்கூடாது என்றார் எஜமானர் தரப்பு வக்கீல். 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் வக்கீல் பக்கம் சாய்ந்தது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருக்க நேர்ந்தது. அந்த வக்கீல் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

இளமையில் செய்தது, பிறகு மாறிவிட்டார் என்பார்கள். மாறினார், உண்மை. 1837-38 பென்சில்வேனியா அரசியலமைப்பு மாநாட்டில் வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியபோது, அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். 1851 கிறிஸ்டியானா வழக்கில், தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க உதவாததற்காகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவராக இருந்தார், ஹான்வே விடுதலையானார். இதில் எதுவும் சாரிட்டிக்குப் பயன்படவில்லை. 1821இல் ஸ்டீவன்ஸுக்கு 29 வயது. சட்டம் தெரியாத சின்னப் பையன் இல்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் ஜெயித்தார்.

அரசியலில் தில்லுமுல்லும் உண்டு. 1838இல் பிலடெல்பியா தேர்தல் முடிவில் தகராறு, ஒரே கீழவைக்கு இரண்டு சபாநாயகர்கள். ஸ்டீவன்ஸ் கோஷ்டி பெரும்பான்மையை விட்டுக்கொடுக்காமல் இழுத்தடிக்க, மேலவைக்குள் கூட்டம் புகுந்தது. அவர் ஜன்னல் வழியே குதித்துத் தப்ப வேண்டியதாயிற்று. கூடக் குதித்தவர்களில் தாமஸ் பரோஸும் ஒருவர்; அந்தப் பொதுப் பள்ளிகளைக் கட்டி எழுப்பும் பொறுப்பு அப்போது பரோஸிடம்தான் இருந்தது. நல்ல சட்டத்தைக் காப்பாற்றியவர்கள் எல்லாம் நேர்மையான தேர்தல் ஏஜென்டுகள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

1868இல் இறந்தார். உயிலில் அனாதை இல்லம் ஒன்றுக்கு 50,000 டாலர் ஒதுக்கியிருந்தார். இனம், நிறம், பெற்றோரின் மதம் எதைக் காட்டியும் ஒரு பிள்ளையையும் ஒதுக்கக்கூடாது, எல்லோருக்கும் ஒரே மேசையில் சாப்பாடு போட வேண்டும் என்று நிபந்தனை. அந்த உயிலின் வழியாக 1905இல் வந்த தொழிற்கல்வி நிறுவனம் அவர் பெயரோடு லங்காஸ்டரில் இன்றும் நடக்கிறது. சும்மா சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டால் உள்ளே தனிப்பந்தி போட்டுவிடுவார்கள் என்று அந்த வக்கீலுக்குத் தெரிந்திருக்கிறது.