ஹேக்கருக்கு மாலை போடுவதற்கு முன்னால்

இந்த வாரம் முழுக்க என் டைம்லைனில் ஒரே பிரவோ மழை. நம் மொரீஷியஸில் ஒரு கோவில் பொருளாளருடைய மெயிலை யாரோ பேரில்லாத ஒருவன் ஹேக் செய்து, உள்ளே இருந்ததை இணையத்தில் போட்டானே, அவனுக்குத்தான் இந்தப் பாராட்டு. கோவில் பெயரையும் நான் எழுதப் போவதில்லை, பொருளாளர் பெயரையும் எழுதப் போவதில்லை. போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் பெல் வரைக்கும் நீங்களே சொல்லித் தீர்த்துவிட்டீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கமெண்டில் வந்து பாய வேண்டாம். கும்பாபிஷேக வசூலில் தப்பு நடந்திருக்கிறது. வெளியே வந்த ரசீதுகளை நானும் பார்த்தேன். பெயிண்ட் வாங்கிய ஒரே பில் இரண்டு இடத்தில் ஏறியிருக்கிறது. அதற்குப் பொருளாளர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த முகமில்லாத ஐடி ரசீதோடு நிற்கவில்லையே! மனுஷனுடைய மெயிலுக்குள் புகுந்தவன் கையில் அகப்பட்டதையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டான். மகளின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், தம்பியிடம் கடன் கேட்டு எழுதியது, மனைவியோடு போட்ட சண்டை. கும்பாபிஷேகத்துக்கும் அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? கோவில் கணக்கு ஊருக்குச் சொந்தம். வீட்டுக் கடிதம் ஊருக்குச் சொந்தமில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இதைச் சொன்னதற்குத்தான் என்னைத் திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்கிறார்கள்.

"2024-ல் மிசியே முஸ்தாஸ் ஆடியோக்கள் வந்தபோது நீயும்தானே இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டாய்?" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்த போன் பேச்சுகளை அந்தப் பேரில் யாரோ இணையத்தில் விட்டார்களே, அவற்றைச் சொல்கிறார். ஆமாம், கேட்டேன். பஸ்ஸில் கேட்டார்கள், தபாஜி பெட்டிக்கடையில் கேட்டார்கள், எங்கள் ஆசிரியர் அறையில் டீ ஆறிப்போகிற அளவுக்குக் கேட்டார்கள். அரசியல்வாதிகள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் வரைக்கும் அதில் இருந்தார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை விட, இத்தனை பேருடைய பேச்சையும் யாரோ உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கே செய்தி. 2022-லேயே மொரீஷியஸ் டெலிகாமின் தலைவர் பதவியை விட்டு வெளியே வந்து, இணையம் கரையேறுகிற பே து ஜாகோதே கடலடிக் கேபிள் நிலையத்தில் யாரையோ உள்ளே விடச் சொன்னார் பிரதமர் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அன்றைய பிரதமர் மறுத்தார். ஆடியோக்கள் வந்தபோது ஏஐ செய்த வேலை என்றார்கள் அரசாங்கத்தில். நவம்பர் தொடக்கத்தில் சமூக வலைத்தளங்களையே 11-ம் தேதி வரை முடக்கச் சொன்னார்கள், ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை, திறந்துவிட்டார்கள். 10-ம் தேதி தேர்தலில் இந்தத் தீவின் 60 இடங்களும் எதிரணிக்குப் போயின.

அங்கே ஒட்டுக் கேட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது அதிகாரத்தில் இருந்தவர்கள் மேல். போலீஸும் அவர்கள் கையில், கேபிளும் அவர்கள் கையில். போய்ப் புகார் கொடுக்க ஒரு வாசல் இருந்ததா? இங்கே வேட்டியைக் கட்டிக்கொண்டு அன்னதானத்தில் செத் காரி என்கிற ஏழு கறிச் சாப்பாடு பரிமாறுகிற ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா. இரண்டும் ஒன்றா? அந்த ஆடியோக்களிலும் ஊருக்குத் தேவையில்லாத பேச்சு இருந்ததே என்பீர்கள். இருந்தது. சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இந்த மாதிரி நியாயம் ஏற்கெனவே எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 2015-ல் ஆஷ்லி மேடிசன் என்ற கள்ள உறவு வலைத்தளத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். 19 டாலர் வாங்கிக்கொண்டு விவரங்களை அழிக்கிறோம் என்று சொல்லிவிட்டு முழுதாக அழிக்காத கம்பெனிக்குப் பாடம் கற்பிக்கிறோம் என்றார்கள். நியாயமான கோபம்தான். செய்தது என்ன? ஏமாந்த வாடிக்கையாளர்கள் 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தூக்கி இணையத்தில் போட்டார்கள். நியூ ஓர்லியன்ஸில் ஒரு மத போதகர் உயிரை மாய்த்துக்கொண்டார். கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது!

பனாமா ஆவணங்களும், அதாவது பணக்காரர்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் அமைத்துக் கொடுத்த ஒரு வக்கீல் கம்பெனியின் கோப்புகளும், அனுமதியில்லாமல் வந்தவைதான். 1 கோடியே 15 லட்சம் கோப்புகள். அவற்றைக் கையில் வாங்கிய பத்திரிகையாளர்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் உட்கார்ந்து படித்து, சரிபார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் விளக்கம் கேட்டு, 2016 ஏப்ரலில்தான் எழுதினார்கள். பிறகு நிறுவனங்களின் பட்டியலைப் பொதுவில் வைத்தபோதுகூட மெயில்களையும் பாஸ்போர்ட் நகல்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் போடவில்லை. பூட்டை உடைத்து உண்மையைக் கொண்டுவருகிறவனை எப்போதும் தப்பென்று நான் சொல்லவில்லை. எதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டான் என்பதை வைத்துத்தான் அவனை எடைபோடுவேன்.

என் அத்தை மகள் ஒருத்தி இருக்கிறாள். பேர் வேண்டாம். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் கணவன் அவளுடைய மெசஞ்சருக்குள் நுழைந்து, தோழியிடம் மனம் விட்டு எழுதியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டான். "உண்மையைத்தானே போட்டேன், பொய் ஒன்றும் இல்லையே" என்றான். வாஸ்தவம், பொய் இல்லை. மாமியாரைப் பற்றி எழுதியிருந்தாள், தன் உடம்பைப் பற்றி எழுதியிருந்தாள், எங்களைப் பற்றியும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் தைப்பூசக் காவடிக்கு வரவில்லை. வருஷா வருஷம் பால்குடம் எடுத்தவள். கல்யாண வீட்டில் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிற சித்திமார்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவனும் தன்னை நியாயம் கேட்கிறவன் என்றுதான் சொல்லிக்கொண்டான். பூட்டை உடைக்கிற எவன்தான் தன்னை அநியாயக்காரன் என்பான்?

பொருளாளர் எனக்குச் சொந்தமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தத் தீவில் தேடினால் நீங்களும் எனக்குச் சொந்தமாகத்தான் இருப்பீர்கள், ஐயா. இன்னொரு தம்பி, நான் 2021 சைபர் குற்றச் சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்கிறார். அந்தச் சட்டத்தை நான் இழுக்கவே இல்லை. அந்த ஹேக்கர் ஜெயிலுக்குப் போகட்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. "போலீஸுக்குப் போனால் மட்டும் நடந்திருக்குமா?" என்பது வேறொரு கேள்வி. போனீர்களா? யாராவது ஒருவர் போனீர்களா?

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், நான் போனேன். போலீஸுக்கு இல்லை, கோவில் பொதுக்குழுவுக்கு. கும்பாபிஷேகம் முடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று, என் சொந்தப் பேரைச் சொல்லி, வரவு செலவை வாசிக்கச் சொன்னேன். மேடையிலிருந்து, "சாமி காரியத்தில் அரசியல் பண்ணாதீர்கள், உட்காருங்கள்" என்றார்கள். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் இன்று அந்த ஐடிக்கு நெருப்புப் படம் போட்டு, "காலத்தின் தேவை" என்று எழுதுகிறார்கள். அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "நீங்கள் கேட்டது சரிதான், ஆனால் எதற்கு வம்பு" என்று காதில் சொன்னவரும் இன்று ஷேர் பண்ணியிருக்கிறார். அடுத்த காவடிக்கு என் மனைவி மாலை கட்டப் போனபோது ஆள் போதும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஒரு லைக் கூட வரவில்லை.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இப்போது இரண்டு பேருக்கும் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டோம் போலிருக்கிறது. பேரில்லாத ஒருவன் ராத்திரியில் வேலையை முடித்துவிடுவான், காலையில் நாம் காப்பி குடித்துக்கொண்டே தீர்ப்பு எழுதலாம். யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டாம். எவ்வளவு வசதி!

முழு ஃபைலும் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்கிற தம்பிகளுக்கு: வேண்டாம். பொருளாளரின் மகள் நம் பிள்ளைகளோடு தேவாரம் படித்தவள். உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள்.

பொருளாளர் ராஜினாமா செய்துவிட்டார் என்கிறார்கள். கணக்கு இன்னும் வரவில்லை. அதை யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை, எல்லோரும் சண்டைக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வரவு செலவை முழுதாகக் காட்டச் சொல்லி கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், சங்கப் பதிவாளருக்கும் ஒரு நகல் போகும். உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வந்து பேரெழுதிக் கையெழுத்துப் போடலாம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருப்பேன். இதுவரைக்கும் அதில் என் கையெழுத்தும் என் மனைவி கையெழுத்தும்தான் இருக்கின்றன.