வேதாகம நூல்களை நிசேயா சங்கம் தேர்ந்தெடுக்கவில்லை

“கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி, வாக்கெடுப்பு நடத்தி, தனக்குப் பிடித்த நூல்களை மட்டும் வைத்து வேதாகமத்தை உருவாக்கினார்” என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் ஆயர்கள் கூடிய இந்தச் சங்கத்தில் முக்கியமாகப் பேசப்பட்டது, அலெக்சாந்திரியாவின் குருவானவர் ஆரியுஸின் போதனை. தேவகுமாரனாகிய இயேசுவும் படைக்கப்பட்டவரா என்பதுதான் அங்கே கேள்வி. ஈஸ்டரை எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாடுவது பற்றியும் முடிவெடுத்தார்கள். சங்கம் இயற்றிய 20 விதிகளும் இன்றும் கிடைக்கின்றன; எதிலும் வேதாகம நூல்களின் பட்டியல் இல்லை. கடைசி விதி என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா இடங்களிலும் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்பது. சபைகள் ஒரே விதமாக ஆராதிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்!

நான்கு சுவிசேஷங்கள்தான் என்று லியோன் நகர ஆயர் ஐரேனியுஸ் கி.பி. 180 வாக்கிலேயே எழுதிவிட்டார். இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே பட்டியலாக வருவது அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில். கான்ஸ்டன்டைன் 50 வேதாகமப் பிரதிகள் எழுதித்தரச் சொன்னது உண்மை. ஆனால் அது சங்கம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின். குழப்பம் ஒருவேளை இதிலிருந்து வந்திருக்கலாம்.

சி.எஸ்.ஐ., கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணம் (விசுவாச அறிக்கை)தான் அந்தச் சங்கம் விட்டுப்போன சொத்து. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் விரிவாக்கப்பட்ட வடிவம் அது.

அந்த 20 விதிகளும் அத்தனாசியுஸின் கடிதமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படித்துப் பாருங்கள். அந்தச் செய்தியை தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.